டீம் ஓடவில்லையா? எங்கே அடைத்திருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்

விளக்கு எரியவில்லை என்றால் யாரும் எடுத்த எடுப்பில் சுவரை உடைத்து வயரை இழுப்பதில்லை. ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா, பல்பு போய்விட்டதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். டீமில் வேலை நின்றால் மட்டும் நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிடுகிறோம்: "அவனுக்கு அக்கறை இல்லை." நாலு பேர் டீமும் பார்த்திருக்கிறேன், இருபது பேர் டீமும் பார்த்திருக்கிறேன். நான் அதிகம் செய்த தவறு இதுதான். அக்கறை இல்லாதவர் என்று நான் முடிவு கட்டியவர்களில் பெரும்பாலானோருக்கு, விசாரித்தால், வேறு ஏதோ ஒன்று இல்லாமல் இருந்தது.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் சோதிக்கும் வரிசை ஒன்றுதான். முதலில், என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? அடுத்து, செய்ய முடியுமா? அதாவது நேரம், கருவி, அனுமதி, பழக்கம் எல்லாம் இருக்கிறதா? மூன்றாவது, செய்ய விட்டிருக்கிறோமா? இந்த மூன்றுக்கும் "ஆம்" வந்த பிறகுதான் மனம் இருக்கிறதா என்ற கேள்வி. "உங்களுக்கு அக்கறை இல்லை" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது. முதல் மூன்றில் தவறாகக் கை வைத்தால் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மீட்டிங் முறை, வேலைப் பங்கீடு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

"முடிச்சிடலாம்" என்கிறார்கள், ஆனால் முடிவதில்லை

அதிகம் கேட்கும் புகார் இது. முதலில் அந்தச் சொல்லையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "முடிச்சிடலாம்." யார் முடிப்பது? எப்போது? அதில் எழுவாயே கிடையாது. நானா, நீங்களா, நாம் எல்லோருமா என்று சொல்லாமலே ஒரு முழு வாக்கியத்தைப் பேசிவிடலாம். "ஆயிடும்" அதைவிட மோசம். வேலை தானாக நடந்துகொள்ளும் போல இருக்கிறது. "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். "ட்ரை பண்றேன்" என்றால் இன்னும் தொடவில்லை. நீங்கள் இவற்றை வாக்குறுதியாகக் கேட்டுக்கொள்கிறீர்கள். அவர் மரியாதைக்குச் சொல்லியிருக்கிறார்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: போன மீட்டிங்கின் குறிப்பை எடுத்து ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்லின் கீழே கோடு போடுங்கள். "அனுப்ப வேண்டும்", "சரிபார்க்கப்படும்", "பேசலாம்" என்று இருந்தால், அந்த வேலை யாரிடமும் இல்லை. "வியாழன் மாலை 4 மணிக்குள் நான் அனுப்புகிறேன்" என்று இருந்தால் ஒரு ஆளிடம் இருக்கிறது.

இதற்காக "லாம் என்று சொல்லாதீர்கள்" என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன். கேலிக்கு ஆளானதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி போதும்: "முதல்ல எதை எடுக்கப் போறீங்க?"

ஒரு முறை, மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு மாத அறிக்கையைப் பற்றி இப்படிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "பழைய கணக்கு இருக்கிற ஃபோல்டரைத் திறக்கணும் சார். எனக்கு அதுக்கு அனுமதி இல்லை" என்றார். ஏன் கேட்கவில்லை என்று குரலை உயர்த்தும் முன்பே, "ரெண்டு தடவை மெயில் போட்டேன்" என்றார். யாருக்கு? எனக்குத்தான். இரண்டும் என் இன்பாக்ஸில் திறக்கப்படாமல் கிடந்தன. அந்த மூன்று வாரமும் அவருடைய பொறுப்பின்மையைப் பற்றி நான் வேறு இரண்டு பேரிடம் பேசியிருந்தேன்.

முதல் படி அவருக்குத் தெளிவாகத் தெரிந்தும் தேதி தவறுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது "முடிந்தது" என்ற சொல். எழுதி முடித்ததா, சரிபார்த்து முடித்ததா, கஸ்டமர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? ஒருவருக்கு முதலாவது, உங்களுக்கு மூன்றாவது. வேலையைக் கொடுக்கும்போதே "இது முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன" என்று ஒரு வரி எழுதிவைத்தால் இந்தச் சண்டை வராது.

அதுவும் சரியாக இருந்தால், அவர் கையில் இப்போது எத்தனை வேலை இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏழு எட்டு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பாதி நீங்கள் கொடுத்ததாகத்தான் இருக்கும். நடந்து போகும்போது "அதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று சொன்னதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். எதை முதலில் செய்வது என்று வரிசை போடுவது லீடரின் வேலை. எல்லாமே அர்ஜென்ட் என்று சொல்லி அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் தவறாக வரிசைப்படுத்தினார் என்று கோபப்படுவது நியாயமில்லை.

கடைசியாக, கணிப்பு. தன் வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் மனிதர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் இந்த வேலை எப்படி நல்லபடியாக நடக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். இதே மாதிரி வேலை முன்பு எப்படி நடந்தது என்று பார்ப்பதில்லை. அதனால் "எத்தனை நாள் ஆகும்?" என்பதை விட்டுவிட்டு "போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். விடை வேறாக வரும்.

மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வெளியே போய் வேறு பேசுகிறார்கள்

இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரு போயிங் 747 கிளம்பும் அனுமதி வராமலே ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் இன்னொரு 747 இருந்தது. கிளம்பிய விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம் வந்தது. அந்த இன்னொரு விமானம் இன்னும் பாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் அந்த விமான நிறுவனத்தின் மூத்த விமானி, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். போய்விட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் இதையும் இதைப் போன்ற வேறு சில விபத்துகளையும் அலசிய பிறகுதான், மூத்தவரைக் கேள்வி கேட்பதையும் கேட்டால் காது கொடுப்பதையும் விமானக் குழுக்களுக்குத் தனிப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

நம் மீட்டிங்கில் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் அந்த இன்ஜினீயர் நம் அறையிலும் உட்கார்ந்திருக்கிறார்.

எதைச் சோதிப்பது? கடந்த மூன்று மீட்டிங்குகளில் முதலில் கருத்துச் சொன்னது யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நீங்கள்தான் என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். "இப்படிச் செய்யலாம்னு நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று லீடர் கேட்டால் அது கேள்வியே இல்லை. கையெழுத்து வாங்கும் இடம்.

கருத்து கேட்பதை டீமில் இளையவரிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். பேசத் தயங்குபவர்கள் அதிகம் என்றால், பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரும் தாளில் எழுதட்டும், அப்புறம் அதை வாசிக்கட்டும். எழுதியதை மாற்றிப் பேசுவது கடினம். ஒரே ஒரு மாற்றுக் குரலுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் தன் சோதனைகளில் காட்டினார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்பார்கள்; கூட இருப்பவர்கள் ஏற்கனவே பேசிவைத்துக்கொண்டு தவறான கோட்டைச் சொல்வார்கள். கண்ணுக்கு நேரே தெரியும் விஷயத்திலும் மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு போயின. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே போதும், அந்த அளவு வெகுவாகச் சரிந்தது. உங்கள் டீமில் அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

"யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா?" என்று முடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். இல்லை என்பதுதான் அதற்கு எழுதிவைத்த பதில். "இது சொதப்பினா எந்த இடத்துல சொதப்பும்?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குறை சொல்லும் வேலையை நீங்களே கொடுத்துவிட்டதால் அதில் மரியாதைக் குறைவு வருவதில்லை.

சின்ன முடிவுகூட உங்களிடமே வருகிறது

காலையில் வந்தால் உங்கள் மேஜைக்கு முன்னால் மூன்று பேர். எந்த வார்த்தை போடுவது, எந்த ஃபைலை அனுப்புவது, யாரைக் கூப்பிடுவது. "இவங்களால சொந்தமா யோசிக்கவே முடியாதா?"

யோசித்தார்கள், ஒரு நாள். அன்று என்ன நடந்தது என்று தேடுங்கள். யாராவது சொந்தமாக முடிவெடுத்து அது தவறிப்போனபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும், உங்களைத் தவிர. திட்டியிருக்கக்கூட வேண்டியதில்லை. என் டீமில் ஒரு பெண் கஸ்டமருக்கு நல்ல பதில் ஒன்று எழுதி அனுப்பினார். நான் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறைக்கு ஆகட்டும் என்று மூன்று இடத்தில் சொல்லை மட்டும் மாற்றி அவருக்குத் திருப்பி அனுப்பினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அதன் பிறகு நாலு மாதம், "சரி, நன்றி" என்று ஒரு வரி பதில்கூட என் கண்ணில் படாமல் வெளியே போகவில்லை.

இதற்கு நான் கடைப்பிடிப்பது: வேலைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவது. செய்யுங்கள், எனக்குச் சொல்லவே வேண்டாம். செய்துவிட்டுச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பணம் திரும்பக் கொடுப்பது, தேதியை மாற்றுவது, வெளியாட்களுக்கு வாக்குக் கொடுப்பது போன்றவை கடைசி வகையில் போகும். மற்றவற்றில் பெரும்பகுதி முதல் இரண்டில் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒரு முறை மூன்றாவதிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாவதில் போடுங்கள்.

அப்படியும் கேட்டு வந்தால், "நான் இன்னிக்கு லீவுன்னா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வழி உங்கள் வழியைவிடக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும், கெடுதல் இல்லை என்றால், "அதையே செய்யுங்க" என்று அனுப்பிவிடுங்கள். கஷ்டமாக இருக்கும். எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஒருவர் லீவு போட்டால் வேலை நிற்கிறது

இந்த ஆளைத்தான் எல்லா விழாவிலும் பாராட்டுவோம். பாராட்டிய கையோடு இன்னும் இரண்டு வேலையைக் கொடுப்போம். சரியாகச் செய்பவருக்குக் கிடைக்கும் பரிசு கூடுதல் வேலை என்று மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

"தெரிந்ததை எல்லாம் எழுதிவைங்க" என்று சொன்னால் நடக்காது. எழுத நேரமில்லை என்பார், உண்மையும் அதுதான். எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. என் அனுபவத்தில் பலித்தது ஒன்றுதான்: அடுத்த முறை அந்த வேலை வரும்போது இரண்டாமவர் கீபோர்டில் உட்கார வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்ல வேண்டும். மவுஸைத் தொடக்கூடாது. முதல் தடவை இரண்டு மடங்கு நேரம் ஆகும். தெரிந்தவருக்குக் கை துறுதுறுக்கும். மூன்றாவது தடவையில் பக்கத்தில் ஆள் தேவைப்படாது. பிறகு தெரிந்தவரை வேண்டுமென்றே ஒரு வாரம் லீவில் அனுப்பிப் பாருங்கள், எது இன்னும் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

தனக்கு மட்டும் தெரியும் என்பதுதான் தன் வேலைக்குப் பாதுகாப்பு என்று அவர் நினைக்கிறாரா என்பதையும் பாருங்கள். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருக்கலாம். சொல்லிக்கொடுத்த பிறகு அவருக்கு என்ன புது வேலை என்பதை முதலிலேயே பேசிவிட்டால் பிடியைத் தளர்த்துவார்.

ஆள் சேர்த்தும் வேகம் கூடவில்லை, குறைந்தேவிட்டது

கணக்கைப் பாருங்கள். 5 பேர் டீமில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10. 8 பேர் என்றால் 28. 12 பேர் என்றால் 66. ஆள் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், பேச்சு ஆறு மடங்குக்கு மேல். போதாததற்கு, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய ஆளைத்தான் எடுக்க வேண்டும்.

கயிறு இழுக்கும் ஒரு பழைய சோதனையும் இருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் செய்து 1913-இல் வெளியிட்டது. எட்டு பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு வந்த இழுவை, தனியாக இழுத்தபோது வந்ததில் ஏறத்தாழ பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்க முடியாதது ஒரு காரணம். 1974-இல் வேறு சிலர் இதையே செய்து பார்த்தபோது கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். பின்னால் யாருமே இழுக்காதபோதும் இழுவை குறைந்தது. "அவங்க இழுக்கிறாங்கல்ல" என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

அதனால் புது ஆளை "எல்லோருக்கும் உதவியாக" போடாதீர்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும் ஒரு துண்டு வேலையை, அவர் பெயரில், தனியாகக் கொடுங்கள். டீம் பெரிதாகிவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். அவசரத்துக்கு நடுவில் ஆள் சேர்ப்பதாக இருந்தால், அந்த அவசரத்துக்கு அவர் உதவ மாட்டார் என்று வைத்துக்கொண்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு ஆகவே ஆகாது

சமாதானம் பேசப் போகும் முன் அவர்கள் வேலையைப் பாருங்கள். ஒருவருக்கு வேகத்துக்காக நல்ல பெயர், இன்னொருவருக்குப் பிழை இல்லாமல் இருந்தால் நல்ல பெயர் என்று வைத்திருந்தால், அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்தாலும் சண்டை போடுவார்கள். குணத்தை மாற்ற முடியாது, அளவுகோலை மாற்றலாம். அளவுகோல் சரியாக இருந்தும் ஆகவில்லை என்றால், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசவையுங்கள். பழைய கதைகளைக் கிளறவே வேண்டாம். நண்பர்களாகத் தேவையில்லை.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் அமைதியாகிவிட்டார்

வேலை வழக்கம்போல நடக்கும்; குறை சொல்வதை மட்டும் நிறுத்தியிருப்பார். நாம் அதை முதிர்ச்சி என்று நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் மனதளவில் அவர் போய்விட்டார். ராஜினாமாக் கடிதம் வந்த பிறகு கேட்பதை இன்றே கேளுங்கள்: "இங்க எது மாறணும்?" கேட்டுவிட்டு ஒன்றையாவது அந்த வாரமே மாற்றுங்கள்.

பிழையே வருவதில்லை, எல்லாம் சுமுகம்

இதையும் அறிகுறிப் பட்டியலில்தான் வைக்கிறேன். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளைக் கணக்கெடுத்தார். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில் பதிவான பிழைகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது, அங்கே பிழையை வெளியே சொல்ல யாரும் பயப்படவில்லை என்று தெரிந்தது. மற்ற இடங்களில் பிழை இல்லாமல் இல்லை, மறைந்திருந்தது.

டொயோட்டா ஆலைகளில் வரிசையில் நிற்கும் தொழிலாளியே கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து ஆள் கூப்பிடலாம். சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். கயிறு யாரும் கட்டிவிடலாம். இழுத்தவருக்கு அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்களிடம் கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? "ஏன்" என்று தொடங்கியிருந்தால், அடுத்த செய்தி தாமதமாக வரும். "எப்போ தெரிஞ்சது? இப்போ என்ன நிலைமை?" என்று தொடங்கலாம்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த ஒருவர் மட்டும் இன்னும் செய்யவில்லை

என்ன வேண்டும் என்று தெரியும், முடியும், தடை இல்லை. சரி, இப்போது நான்காவது கேள்விக்கு வரலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் மற்றவர்கள் அவரைப் பார்ப்பதில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனி அறையில் பேசுங்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால், லேட்டாகாத ஒரு நாளை எடுத்துக்காட்டி அவர் ஜெயித்துவிடுவார். தேதியோடு இரண்டு மூன்று சம்பவங்கள் போதும்: "12-ஆம் தேதி தர வேண்டியது 19-ஆம் தேதி வந்தது. அந்த ஒரு வாரம் மூணு பேர் காத்திருந்தாங்க." அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வீட்டில் என்ன பிரச்சினை என்று நீங்களாக ஊகித்துக் கேட்கவும் வேண்டாம். சொல்ல இருந்தால் அவரே சொல்வார். என்ன மாறும், எந்தத் தேதிக்குள், யார் பார்ப்பது என்பதை அன்றே இரண்டு வரியில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் மறக்காமல் உட்காருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் அது அலுவலக விதிப்படி போக வேண்டிய விஷயம். ஹெச்.ஆர். கேட்கப் போவது அந்த இரண்டு வரியைத்தான்.

பேச்சில் கடினமான இடம் சம்பவங்களைச் சொல்லி முடித்த பிறகு வரும் மௌனம். அரை நிமிடம்தான் இருக்கும், அரை மணி போலத் தெரியும். பொறுக்க முடியாமல் "பரவாயில்லை, இனிமே பார்த்துக்கலாம்" என்று நாமே ஆரம்பித்துவிடுவோம். மறுபடியும் ஒரு "லாம்". அந்தப் பேச்சுக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போவது என் வழக்கம். சொல்லி முடித்ததும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, அவர் பேசத் தொடங்கும்வரை விழுங்குவதில்லை.